மேட்டர் முடியட்டும், பிறகு வடிவமைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

துண்டுப் பிரசுரமோ புத்தக அட்டையோ பெயர்ப்பலகையோ, எதை வடிவமைக்கக் கொடுத்தாலும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி ‘எப்போது கிடைக்கும்?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ‘மேட்டர் முடிந்துவிட்டதா?’ அச்சகத்தார் மேட்டர் என்று சொல்லும் எழுத்துப் பகுதி கடைசிச் சொல்வரை முடிவாகாமலே வடிவமைப்பைத் தொடங்கிவிடுவதால்தான் இந்தத் தொழிலில் நேரமும் காகிதமும் இவ்வளவு வீணாகின்றன. வேலை கொடுப்பவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு வேலைக்கு வரும் இளைஞர்களுக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவேதான் ஓர் எண்ணம் அச்சாகிக் கைக்கு வரும்வரை எந்தெந்த இடத்தில் எது கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நூலகத்தை அறிமுகப்படுத்தும், மூன்றாக மடியும் துண்டுப் பிரசுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாள், இரண்டு மடிப்பு, முன்னும் பின்னுமாக ஆறு பக்கங்கள். கணினியைத் திறப்பதற்கு முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். இதைப் படிக்கப்போவது யார்? பள்ளி மாணவரா, கண் மங்கிய முதியவரா? படித்துவிட்டு அவர் செய்ய வேண்டிய ஒரே செயல் எது? உறுப்பினராகச் சேர்வதா, ஒரு நிகழ்ச்சிக்கு வருவதா? கையில் கொடுக்கப்போகிறார்களா, மேசைமேல் அடுக்கி வைக்கப்போகிறார்களா, கைபேசியிலும் அனுப்புவார்களா? எத்தனை படிகள்? என்றைக்குள்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘சரி’ என்று கடைசியாகச் சொல்லும் உரிமை எந்த ஒருவருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வேலையில் ஐந்து பேர் ஐந்து திசையில் இழுப்பார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் யார் கண்ணிலும் படாத ஒரு தாள்தான் மிஞ்சும்.

பிறகு சொற்களை எண்ண வேண்டும். நூறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பக்கத்தில் இருபுறமும் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 82 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி (பாயின்ட்) அளவுத் தமிழ் எழுத்தில் அந்த வரியில் நான்கு சொற்கள்தான் இயல்பாக அமரும். வரிக்கு வரி 15 புள்ளி இடைவெளி கொடுத்தால் 210 மில்லிமீட்டர் உயரத்தில் சுமார் 36 வரிகள். தலைப்புக்கும் ஒரு சிறு படத்துக்கும் கொஞ்சம் வெற்றிடத்துக்கும் இடம் விட்டபின் மிஞ்சுவது 80, 90 சொற்கள். அட்டைப் பக்கம் போக ஐந்து பக்கங்களுக்கு 400 முதல் 450 சொற்கள். ஆயிரம் சொல் மேட்டரைக் கொடுத்துவிட்டு ‘எப்படியாவது அடக்கிவிடுங்கள்’ என்றால் எழுத்து ஏழு புள்ளிக்குச் சுருங்கும், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், படிக்க வந்தவர் மடித்து வைத்துவிடுவார். இது வடிவமைப்பாளரின் திறமையால் தீரும் சிக்கல் அல்ல. எழுதியவர் வெட்டினால்தான் தீரும். அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மேட்டர் பின்னால் வரும் என்று பொய்யான எழுத்துகளை நிரப்பிப் பக்கம் அமைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பொய் எழுத்து இடத்துக்கு ஏற்ப நீளும், குறுகும். உண்மையான மேட்டர் அப்படி வளைந்து கொடுக்காது.

அடுத்தது பென்சில். தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக இருபது முப்பது வரைந்து, ஒவ்வொன்றிலும் தலைப்பு எங்கே, படம் எங்கே, வெற்றிடம் எங்கே என்று கிறுக்கிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. முதல் ஐந்தாறு ஓவியங்களில் எல்லோருக்கும் தோன்றும் யோசனைகள்தான் வரும்: நூலகம் என்றால் அடுக்கிய புத்தகங்கள், திறந்த புத்தகத்திலிருந்து பறக்கும் பறவை. அவை தீர்ந்தபின்தான் இந்த நூலகத்துக்கே உரிய ஒன்று பிடிபடும். கணினியில் நேரே தொடங்கினால் முதல் யோசனைக்கே நிழலும் நிறமும் பூசி அழகுபடுத்திவிடுகிறோம். அழகுபடுத்திய பிறகு அதைக் கைவிட மனம் வருவதில்லை.

அதே மேசையில் வெற்றுத் தாளை மடித்து ஒரு டம்மியும் செய்துவிட வேண்டும். மூன்றாக மடிப்பதில் பலரும் தவறுவது இங்கேதான். 297 மில்லிமீட்டரை மூன்றால் வகுத்துப் பக்கத்துக்கு 99 என்று கோடு போட்டுவிடுகிறார்கள். உள்ளே மடிந்து போகும் பக்கம் மற்றவற்றைவிடச் சற்றுக் குறுகலாக இல்லாவிட்டால் மடிப்பில் முட்டி வளையும். ஆகவே 100, 100, 97 என்பதே பாதுகாப்பான பிரிவு. தாளின் உட்புறத்தில் இடமிருந்து வலமாக 100, 100, 97. வெளிப்புறத்தில் அது தலைகீழாகி 97, 100, 100. அட்டைப் பக்கம் வெளிப்புறத்தின் வலது கோடியில் வரும். ஒரே கோடுகளை இருபுறத்துக்கும் வைத்துக்கொண்டால் ஒருபுறம் மடிப்பு மூன்று மில்லிமீட்டர் விலகி எழுத்தின்மேல் ஏறும். டம்மியில் பக்க எண்ணைக் கையால் எழுதி மடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் இது தெரிந்துவிடும்.

வேலை கொடுத்தவரிடம் காட்டும்போது இரண்டு அல்லது மூன்று மாதிரிகள் போதும். பத்துக் காட்டினால் முதலாவதின் தலைப்பையும் நான்காவதின் படத்தையும் ஒன்பதாவதின் நிறத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். அது அவர்கள் பிழையல்ல. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நாம் அவர்கள்மேல் சுமத்தியதன் விளைவு. முதல் மாதிரியைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது இன்னும் நல்லது, நிறம் பற்றிய பேச்சு அமைப்பைப் பற்றிய பேச்சை விழுங்காமல் இருக்கும். வேலை கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: தீர்வைச் சொல்லாதீர்கள், குறையைச் சொல்லுங்கள். ‘தொலைபேசி எண்ணைச் சிவப்பாக்குங்கள்’ என்பதைவிட ‘தொலைபேசி எண் கண்ணில் படவில்லை’ என்பது பயனுள்ள கருத்து. எண்ணைச் சுற்றியுள்ள நெரிசலைக் குறைத்தாலே அது கண்ணில் படலாம். திருத்தங்களை ஒருவர் திரட்டி, ஒரே பட்டியலாக, எழுத்தில் தர வேண்டும். எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது.

இனித் தமிழ் எழுத்து. உண்மையில் இதற்காகவே தனிக் கடிதம் எழுதலாம்.

மேட்டர் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் எந்த முறையில், வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது மேட்டரில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் சேர்ந்து தமிழ்க் குழப்பமாக மாறிவிடும். மாற்றியபின் அந்த வரிகளை மட்டும் தனியே சரிபார்ப்பது கட்டாயம். ஒருங்குறியில் தட்டிய மேட்டரிலும் ஒரு பொறி உண்டு. ‘கௌரவம்’ என்பதில் உள்ள ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி ‘கெளரவம்’ என்று வைத்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தாளில் பிழைத்துவிடும், அதையே இணையத்தில் ஏற்றினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

பக்க வடிவமைப்பு மென்பொருள் தமிழைக் கோக்கத் தயாராக இருக்கிறதா என்பது அடுத்தது. ‘கொ’ என்ற எழுத்து, ககரமும் அதன்பின் ஒரு குறியுமாகத்தான் கணினியில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்பது மென்பொருள் செய்யும் வேலை. அந்த வசதி அணைந்திருந்தால் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டங்களோடு அலங்கோலமாக நிற்கும். பக்கம் அமைக்கும் இன்டிசைனில் பத்திக்கு வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எழுத்து தொடர்பான விருப்ப அமைப்பில் இதற்கான தேர்வு இருக்கிறது. ஒருமுறை சரிசெய்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. வேறொரு கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டும்போது பழைய அமைப்பும் கூடவே வந்துவிடும்.

அழகுக்காகச் செய்யும் சில காரியங்கள் தமிழைக் காயப்படுத்துகின்றன. எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டினால் ஆங்கிலத் தலைப்பு கம்பீரமாகத் தெரியலாம். தமிழில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். கால் பிரிந்தால் ரகரம்போல் தெரியும். வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். தடித்த எழுத்துரு இல்லாதபோது மென்பொருளே செயற்கையாகத் தடிக்க வைத்தால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சிறிய அளவில் அச்சிட்டால் மை இன்னும் பரவி அது ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். தடித்த உருவத்தையும் தனியே சேர்த்து வரைந்திருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே வழி. வரி இடைவெளியிலும் கஞ்சத்தனம் கூடாது. மேலே இகர ஈகாரச் சுழிகளும் புள்ளியும், கீழே உகர ஊகார இழுப்புகளும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்து அளவின் ஒன்றரை மடங்கு என்று தொடங்கி, பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமமாக நிரப்புவதும் தமிழுக்குப் பொருந்தாது. நம் சொற்கள் நீளமானவை. வரிக்கு மூன்று நான்கு சொல் என்றால் இடையிலுள்ள வெற்றிடங்கள் ஓட்டைகளாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை விட்டுவிடுவது கண்ணுக்கு இதம். சொல்லை உடைக்க வேண்டி வந்தால் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கமாக வராமல் பார்க்க வேண்டும். எண்ணும் அதன் அலகும், முதலெழுத்தும் பெயரும் வரி முடிவில் பிரியக் கூடாது. தலைப்பைப் பொருள் பார்த்து உடைக்க வேண்டும். ‘அனைவருக்கும் இலவச / உறுப்பினர் அட்டை’ என்பதற்கும் ‘அனைவருக்கும் / இலவச உறுப்பினர் அட்டை’ என்பதற்கும் வாசிப்பில் எவ்வளவு வேறுபாடு என்று உரக்கப் படித்துப் பாருங்கள்.

படங்களில் கணக்கு எளிது. நல்ல தாளில் ஆஃப்செட் (பிளேட் வைத்து அச்சிடும்) அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அதுவும் அச்சாகும் அளவில். 1,200 பிக்சல் அகலமுள்ள படம் பத்து சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும். செய்தித்தாளுக்குச் சுமார் 200 போதும். தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பதாகைக்கு 100கூடப் போதும். சிறிய படத்தை மென்பொருளில் இழுத்து 300 என்று எண்ணை மாற்றினால் எண்தான் மாறும், இல்லாத விவரம் வந்து சேராது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது. இந்த ஒன்றை வேலை கொடுப்பவர்கள் நினைவில் வைத்தாலே பாதித் தலைவலி தீரும். சின்னம் மட்டும் பிக்சல் படமாக இருக்கவே கூடாது. அது கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் கோப்பாக இருந்தால் பேனாவிலும் சுவரிலும் ஒரே கூர்மையோடு நிற்கும். இணையத்தில் எடுத்த படத்தை உரிமை கேட்காமல் போடுவது தொழில்நுட்பப் பிழையைவிடப் பெரிய பிழை.

நிறத்தில் ஏமாற்றம் வருவதற்குக் காரணம், திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்து கிடைக்கும் பளிச்சென்ற பச்சையும் மின்னும் நீலமும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் வராது. மாற்றிப் பார்த்து, மங்கிய பின்னும் பிடிக்கிறதா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அதைவிட அதிகம் கெடுப்பது கறுப்பு எழுத்து. திரைக் கறுப்பை அப்படியே அச்சு நிறத்துக்கு மாற்றினால், ஃபோட்டோஷாப்பின் ஸ்வாப் (SWOP) என்ற அச்சு நிற அமைப்பில் அது 75, 68, 67, 90 என்று நான்கு மையிலும் பரவிவிடும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுப் பிளேட்டில் ஒன்று முடியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தெரியும். படிக்கும் எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்பதே விதி. நான்கு மைகளின் கூட்டுத்தொகைக்கும் எல்லை உண்டு. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 300 சதவீதம் அளவுக்குப் போகலாம், செய்தித்தாளில் 240க்குள் நிற்க வேண்டும். மீறினால் மை காயாமல் எதிர்த் தாளில் ஒட்டும்.

பிழைதிருத்தம் திரையில் செய்யும் வேலையல்ல. தாளில் எடுத்து, மேட்டர் எழுதியவரும் அல்லாத, வடிவமைத்தவரும் அல்லாத மூன்றாம் ஒருவர் படிக்க வேண்டும். ஒற்றுப் பிழைகளை எல்லோரும் தேடுவார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்புப் பிழையை யாரும் பார்க்க மாட்டார்கள். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணை அந்தத் தாளைப் பார்த்தே அழைத்துப் பாருங்கள். கியூஆர் குறியை அச்சாகும் அளவில் எடுத்து இரண்டு வேறு கைபேசிகளில் திறந்து பாருங்கள். பெயர்களையும் பட்டங்களையும் உரியவரிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின், பொறுப்பாளர் அந்தத் தாளிலேயே கையெழுத்திட்டுத் தேதியும் போட வேண்டும்.

அச்சுக்குப் போகும் கோப்பில் 297க்கு 210 தாள் 303க்கு 216 ஆக இருக்கும். வெட்டும் கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, நான்கு புறமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீள வேண்டும். அதே காரணத்தால் எழுத்து எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது. எழுத்துருக்கள் பிடிஎஃப்பில் பதிந்திருக்க வேண்டும். அச்சகம் கேட்டால் எழுத்துகளைக் கர்வ் ஆக, அதாவது வெறும் கோட்டு உருவங்களாக, மாற்றலாம். ஆனால் மாற்றாத மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த ஆண்டு ஒரே ஒரு எண்ணை மாற்ற முழுப் பக்கத்தையும் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மூலக் கோப்பு, படங்கள், எழுத்துருவின் பெயர், அச்சுக்குப் போன பிடிஎஃப் எல்லாம் ஒரே உறையில் வேலை கொடுத்தவர் கையிலும் இருப்பது நியாயம். யார் எதை வைத்துக்கொள்வது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும்.

தாளைப் பற்றி ஒன்று மட்டும். சதுர மீட்டருக்கு 170 கிராமுக்கு மேற்பட்ட தாளை நேரே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கீறல் விழும். முதலில் க்ரீஸிங் போட்டு (மடிப்புக் கோட்டை அழுத்திப் பதித்து), முடிந்தவரை தாளின் இழை ஓடும் திசையிலேயே மடிப்பு அமையும்படி அச்சகத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வண்ணப் புரூஃபை (அச்சு மாதிரியை) மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்துச் ‘சரி’ சொல்லாதீர்கள். அச்சுத் துறை இதற்கு 5,000 கெல்வின் ஒளியை அளவாக வைத்திருக்கிறது. அந்த விளக்கு இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார்க்கலாம்.

இதையே கைபேசியிலும் அனுப்புவதென்றால் ஏ4 பக்கத்தை அப்படியே படமாக்கி அனுப்பாதீர்கள். உள்ளங்கைத் திரையில் யாராலும் படிக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி என்று தனியே அமைக்க வேண்டும். இணைய அணுகல் நெறிகள் சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கின்றன. வெளிர் சாம்பல் எழுத்து அதில் தேறாது.

இறுதியாக உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. செய்தித்தாள் அச்சில், பாதி அடர்த்திக்கு இடும் 50 சதவீத மைப் புள்ளி தாளில் பரவி 70 சதவீதத்துக்கு மேல் தெரிகிறது. இதை அறியாமல் தயாரித்த விளம்பரங்களில் முகங்கள் கறுத்து, கறுப்புப் பின்னணியிலுள்ள சிறு வெள்ளை எழுத்து அடைத்துப்போய் வருகின்றன. உங்கள் விளம்பரத் துறையினர் விளம்பர அளவுகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் தயாரித்து, நாளிதழிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ஒரு பத்தி முதல் முழுப் பக்கம் வரை அகலமும் உயரமும் மில்லிமீட்டரில், மொத்த மை எல்லை, படத்துக்குத் தேவையான பிக்சல் கணக்கு, நிற புரொஃபைலின் (நிறத்தை அச்சுக்கு மாற்றும் அமைப்பின்) பெயர், கறுப்பில் வெள்ளையாக வரும் தமிழ் எழுத்தின் குறைந்தபட்ச அளவு, ஏற்கும் பிடிஎஃப் வகை, கோப்பு வந்துசேர வேண்டிய கடைசி நேரம் ஆகியவை அதில் இருக்கட்டும். கூடவே, அந்த நேரத்துக்கு ஒரு நாள் முன்னதாக மேட்டர் முடிந்திருக்க வேண்டும் என்ற வரியையும் தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வரைகலை வடிவமைப்பாளர் ஒருவர்